வீட்டை விற்கத் தரகர் வேண்டுமா?

1. வாசலில் வந்தவர்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு உண்டு. விடியும் முன்பே அங்கே விளக்கு எரியும். தோவாளையிலிருந்து பூ மூட்டைகள் வந்து இறங்கும். அந்தத் தெருவில் 30 வருடமாகப் பூ விற்கிறார் ஓர் அம்மா. எல்லோரும் அவரைப் பூக்கார அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

அக்காவின் வீடு ஆற்றுகால் பக்கம் இருக்கிறது. 3 சென்ட் நிலம். இரண்டு அறை, ஓர் அடுக்களை, ஓட்டுக் கூரை. கணவர் வாங்கிய நிலம், அவர் கட்டிய வீடு. அவர் இறந்து 4 வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் அக்காவும் வயதான மாமியாரும் மட்டும் இருக்கிறார்கள். மகன் ஆட்டோ ஓட்டுகிறான். மனைவி, பிள்ளைகளுடன் தனியாக இருக்கிறான். மகளை நாகர்கோவிலில் கட்டிக் கொடுத்திருக்கிறது.

அக்காவுக்கு முழங்கால் வலி. முன்பு போல் விடியற்காலையில் கடைக்கு ஓட முடியவில்லை. “பாட்டியையும் கூட்டிக்கிட்டு இங்கே வந்திரும்மா” என்று மகள் அழைத்தாள். வீட்டை விற்றுவிடலாம் என்று அக்கா நினைத்தார்.

பேச்சு தெருவில் பரவியது. மறுநாளே ஒரு தரகர் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, வீட்டைக் குடுக்கப் போறீங்களாமே? 25 லட்சத்துக்கு ஆள் இருக்கு. 25 லட்சம் சுளையா உங்க கையில வரும். அதுக்கு மேல வந்தா அது என் சாமர்த்தியம். இந்த முத்திரைத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. பாக்கிய நான் எழுதிக்கிடுதேன்.”

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். அதில் ஓர் எழுத்தும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு என்றால் அக்கா பெருவிரலை நீட்டியிருப்பார். அதற்குப் பிறகு அவர் மாலை வகுப்பில் சேர்ந்தார். எழுதவும் படிக்கவும் கற்றார்.

“அண்ணாச்சி, எழுதுன தாளாக் கொண்டு வாங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுதேன்” என்றார்.

“என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?”

“உங்க மேல இல்ல அண்ணாச்சி. வெறுந்தாள் மேலதான் நம்பிக்கை இல்ல.”

தரகர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

2. தரகு எவ்வளவு?

அன்று இரவு மகன் வந்தான். அக்கா நடந்ததைச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். தரகர் இல்லாமல் வீட்டை விற்க முடியுமா? விற்றால் லாபமா, நட்டமா?

தரகர் என்ன வேலை செய்கிறார்? வாங்கும் ஆளைத் தேடிப் பிடிக்கிறார். வீட்டைத் திறந்து காட்டுகிறார். இரண்டு பக்கமும் பேசி விலையை முடிக்கிறார். ஆபீஸ்களுக்கு அலைகிறார். இது வேலைதான். இந்த வேலைக்குக் கூலி வாங்குவதில் தவறு இல்லை.

ஆனால் அந்தக் கூலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். தரகு பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிவாகும். நூற்றுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடு 28 லட்சத்துக்கு விற்றால் தரகு 56,000 ரூபாய். ஒரு முழம் பூ 20 ரூபாய் என்றால், 2,800 முழம் பூ விற்ற காசு அது.

இன்னொரு கணக்கும் உண்டு. பேரம் பேசி விலையில் 1 லட்சம் கூட்டினால் வீட்டுக்காரருக்கு 1 லட்சம் கூடும். தரகருக்கு 2,000 ரூபாய்தான் கூடும். அந்த 2,000 ரூபாய்க்காக அவர் இன்னும் இரண்டு மாதம் காத்திருப்பாரா? சீக்கிரம் முடித்துத் தரகை வாங்கவே பலரும் நினைப்பார்கள். ஆகவே, “இதுதான் நல்ல விலை, விட்டால் கிடைக்காது” என்று தரகர் சொன்னால், அதை அப்படியே நம்பக் கூடாது. நாமும் விசாரிக்க வேண்டும்.

“25 லட்சம் உங்களுக்கு, மேலே வருவது எனக்கு” என்பது இன்னும் மோசமான ஏற்பாடு. 28 லட்சத்துக்கு விற்றால் தரகருக்கு 3 லட்சம் போய்விடும். எவ்வளவுக்கு விற்றது என்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போகலாம்.

3. விலை தெரிந்துகொள்வது எப்படி?

மறுநாள் முதல் அக்கா விசாரிக்கத் தொடங்கினார். கேட்பதற்குக் காசு வேண்டாம். வெட்கப்படவும் வேண்டாம்.

முதலில், அதே பகுதியில் சமீபத்தில் விற்ற மூன்று இடங்களைப் பற்றிக் கேட்டார். சென்ட் என்ன விலைக்குப் போனது? வாசல் வரை கார் வருமா? குழாய்த் தண்ணீர் உண்டா? வண்டி போகும் தெருவில் இருக்கும் 3 சென்ட்டும், ஒற்றை ஆள் நடக்கும் சந்தில் இருக்கும் 3 சென்ட்டும் ஒரே விலைக்குப் போகாது.

அரசும் நிலத்துக்கு ஒரு விலை குறித்திருக்கிறது. அதை நியாய விலை என்பார்கள். கேரளத்தில் இது 2010 முதல் நடப்பில் உள்ளது. பதிவுக் கட்டணம் கணக்கிடவே இந்த விலை. சந்தையில் விற்கும் விலை வேறாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பத்து நாள் விசாரித்த பிறகு, தன் வீட்டுக்கு 27 முதல் 29 லட்சம் வரை கேட்கலாம் என்று அக்காவுக்குப் புரிந்தது.

4. வீடு யாருடையது?

எதிர் வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். கோர்ட்டில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையாளமும் தமிழும் நன்றாகப் படிப்பார். அக்கா அவரிடம் வீட்டுக் காகிதங்களைக் கொண்டு போனார்.

“வீடு உங்க பேர்ல இல்லையே. அவரு பேர்லதானே இருக்கு?”

“அவரு போயிட்டாரே அண்ணே. இப்போ எனக்குத்தானே?”

“உங்களுக்கு மட்டும் இல்ல” என்றார் அண்ணன்.

1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. உயில் எழுதாமல் கணவர் இறந்தால் மனைவி, மகன், மகள், கணவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு. ஆகவே அந்த வீட்டில் அக்காவுக்கு 4-இல் ஒரு பங்கு. மகனுக்கு ஒரு பங்கு. கல்யாணமாகிப் போன மகளுக்கும் ஒரு பங்கு. மாமியாருக்கும் ஒரு பங்கு. மற்ற மதத்தாருக்கு வாரிசுச் சட்டம் வேறு. அவர்கள் அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னார். கிழவி வெகு நேரம் பேசவில்லை.

“எனக்கும் இதுல பங்கு உண்டாட்டீ?” என்று கேட்டாள்.

“உண்டு அத்தே. உங்க கைநாட்டு இல்லாம யாரும் விக்க முடியாது.”

“அப்போ என்னையும் ஒரு வார்த்த கேப்பீங்க.”

“கேக்கத்தான் வந்தேன் அத்தே. நாகர்கோவிலுக்கு வாறீங்களா?”

கிழவி கூரையைப் பார்த்தாள். “அவன் அடுக்குன ஓடு” என்றாள். ஒரு வாரம் கழித்துத்தான் சம்மதம் சொன்னாள். அந்த ஒரு வாரமும் அக்கா அவளை அவசரப்படுத்தவில்லை.

அன்று தரகரின் வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தன்னுடையது அல்லாத மூன்று பங்குக்கும் அக்கா பொறுப்பேற்றதாக அதில் எழுதியிருக்கலாம். முன்பணம், நட்டஈடு, கோர்ட், கேஸ் என்று இழுபட்டிருக்கும்.

5. எடுக்க வேண்டிய காகிதங்கள்

தரகர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இந்தக் காகிதங்கள் வேண்டும்.

ஆதாரம்: நிலம் வாங்கிய பத்திரம். அதற்கு முன்பிருந்த பத்திரம் முன் ஆதாரம்.

வாரிசுச் சான்று: யார் யார் வாரிசு என்று தாலுகா ஆபீஸில் தருவது. இதற்குச் சில மாதம் ஆகலாம். ஆகவே முதலில் இதற்கு மனுக் கொடுக்க வேண்டும்.

போக்குவரவு: நிலக் கணக்கில் பழைய பெயரை மாற்றிப் புதிய பெயரை ஏற்றுவது. இது வில்லேஜ் ஆபீஸ் வழியாக நடக்கும். நகரத்துக்குள்ளும் வில்லேஜ் ஆபீஸ் உண்டு.

நில வரி ரசீது: வில்லேஜ் ஆபீஸில் கட்டியது. வீட்டு வரி ரசீது: மாநகராட்சியில் கட்டியது. இரண்டும் வேறு வேறு.

குடிக்கடச் சான்று: நிலத்தின் மேல் அடமானம் போன்ற பாரம் பதிவாகி இருக்கிறதா என்று காட்டுவது. தமிழ்நாட்டில் இதை வில்லங்கச் சான்று என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.

அரசு பட்டயமாகக் கொடுத்த நிலம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்று அதில் நிபந்தனை இருக்கலாம். அரசு உதவியில் கட்டிய வீட்டுக்கும் இப்படி நிபந்தனை உண்டு. பட்டயத்தைப் படித்துப் பார்த்து, வில்லேஜ் ஆபீஸிலும் கேட்க வேண்டும். பங்குக்காரர்களில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால், அந்தப் பங்கை விற்கக் கோர்ட்டின் அனுமதி வேண்டும்.

அசல் காகிதங்களை யாரிடமும் கொடுக்கக் கூடாது. பார்க்கக் கேட்டால் நகல் கொடுங்கள்.

6. அக்கா எடுத்த முடிவு

காகிதங்கள் சேரச் சில மாதம் ஆனது. அதற்குள் அக்கா ஒரு நோட்டில் ஐந்து கேள்விகள் எழுதினார்.

விலை எனக்குத் தெரியுமா?
காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறதா?
ஆட்கள் வந்தால் வீட்டைக் காட்ட ஆள் இருக்கிறதா?
காத்திருக்க முடியுமா? அவசரச் செலவு இருக்கிறதா?
சந்தேகம் வந்தால் கேட்க நம்பிக்கையான ஆள் உண்டா?

ஐந்துக்கும் அவரால் நல்ல பதில் சொல்ல முடிந்தது. ஆகவே மூன்று மாதம் தாமே முயற்சி செய்வது என்று முடிவு செய்தார். அதற்குள் முடியாவிட்டால் தரகரிடம் போவது.

எல்லோருக்கும் இந்த முடிவு பொருந்தாது. வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் இருக்கலாம். பங்குக்காரர்கள் நாலு ஊரில் இருக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே பணம் தேவைப்படலாம். அப்போது நல்ல தரகர் பெரிய உதவிதான். ஆனால் அவரிடம் பேசியதை எழுதி வாங்க வேண்டும். நூற்றுக்கு எவ்வளவு? எப்போது கொடுக்க வேண்டும்? எத்தனை மாதத்துக்கு இந்த ஏற்பாடு? பதிவு முடிந்த பிறகே தரகு என்று எழுதுவது நல்லது.

2016-ஆம் வருடச் சட்டப்படி, பதிவு பெற்ற அடுக்குமாடி போன்ற புதிய திட்டங்களில் விற்றுத் தரும் தரகர்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். கேரளத்தின் ஆணைய அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ஆனால் தெருவில் பழைய வீடு விற்றுத் தரும் தரகரிடம் பெரும்பாலும் அந்தப் பதிவு இருக்காது. அதனால் நாம் எழுதி வாங்கும் தாளே நமக்குக் காவல்.

இன்னொன்று. வீட்டை விற்கும் அதிகாரப் பத்திரத்தைத் தரகர் கேட்டால் கொடுக்க வேண்டாம். அதை வைத்து அவர் நம் பெயரில் விற்றுவிடலாம்.

7. வந்தவர்கள்

மகன் ஒரு பலகை கொண்டு வந்தான். ‘வீடு விற்பனைக்கு’ என்று அக்கா தமிழில் எழுதினார். அதன் கீழே மகன் மலையாளத்தில் எழுதினான். பூ வாங்க வரும் எல்லோரிடமும் அக்கா சொல்லி வைத்தார்.

வேலை எளிதாக இல்லை. சும்மா பார்க்க வந்தவர்கள் பலர். மத்தியானத் தூக்கத்தில் கதவைத் தட்டினார்கள். “ஓடு பழசாச்சே, 20 லட்சத்துக்குத் தருவீங்களா?” என்று சிலர் கேட்டார்கள். சில நாள் அக்காவுக்குச் சலிப்பாக இருந்தது. தரகரையே கூப்பிடலாமா என்றும் நினைத்தார்.

ஒருவர் 28 லட்சத்துக்குச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார். “ஆதாரத்தில் 15 லட்சம் என்று எழுதுவோம். மீதி 13 லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன்.”

ஏன் அப்படிக் கேட்டார்? கேரளத்தில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 8. பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. 28 லட்சத்துக்கு இரண்டும் சேர்ந்து 2 லட்சத்து 80 ஆயிரம். இதைப் பெரும்பாலும் வாங்குபவரே கொடுப்பார். அதைக் குறைக்கவே அந்த யோசனை.

அக்கா மறுத்துவிட்டார். விலையை மறைத்து எழுதுவது குற்றம். அதோடு, எழுதாத 13 லட்சத்தை அவர் தராமல் போனால் எந்தத் தாளைக் காட்டிக் கேட்பது? வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமும் சொல்கிறது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதம் வரலாம். அபராதம் வாங்கியவர் தலையில்தான் விழும். எனவே பணம் பாங்கு வழியாகவே வர வேண்டும்.

இரண்டாவது மாதக் கடைசியில், சாலையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பலகையைப் பார்த்து வரவில்லை. பூ வாங்கும் அவர் மனைவி சொல்லி வந்தார்.

“மழைக்குத் தண்ணி ஏறுமா அக்கா?” என்று கேட்டார்.

“பெருமழைக்கு வாசப்படி வரைக்கும் வரும் தம்பி. உள்ளே வந்ததில்ல” என்றார் அக்கா.

மறைத்திருக்கலாம். ஆனால் தனக்குத் தெரிந்த, பார்த்தால் தெரியாத குறையை விற்பவர் சொல்ல வேண்டும். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உண்மையைக் கேட்டதும் காய்கறிக் கடைக்காரருக்கு அக்கா மேல் நம்பிக்கை வந்தது. பேசிப் பேசி 27 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடிந்தது.

விலை, முன்பணம், மீதி கொடுக்கும் தேதி எல்லாவற்றையும் எழுதி கரார் போட்டார்கள். நான்கு பங்குக்காரரும் அதில் கையெழுத்திட்டார்கள். முன்பணம் பாங்கில் வந்தது.

8. 12-ஆ, 21-ஆ?

ஆதாரம் எழுதுபவர் விற்பனைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். அது மலையாளத்தில் இருந்தது. அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

“நாளைக்குப் பதிவு. ஒரு தடவை பாத்துக்கிடுங்க” என்றார் அவர்.

அக்கா எதிர் வீட்டு அண்ணனிடம் போனார். அவர் ஒரு வரி கூட விடாமல் மலையாளத்தில் படித்துத் தமிழில் சொன்னார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். எழுத்து புரியாவிட்டாலும் எண்கள் புரியும். அச்சில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் அதே 1, 2, 3 தான். நில வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டார்.

“அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. ரசீதுல 1 ஆர் 21 சதுர மீட்டர்னு இருக்கு. இதுல 12-னு போட்டிருக்கே?”

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அக்கா சொன்னது சரிதான். 21 இடம் மாறி 12 ஆகியிருந்தது.

3 சென்ட் என்பது சுமார் 121 சதுர மீட்டர். அதாவது 1 ஆர் 21 சதுர மீட்டர். 12 என்று பதிவாகியிருந்தால் 9 சதுர மீட்டர் கணக்கில் காணாமல் போயிருக்கும். வாங்கியவருக்கு நட்டம். பிறகு அதைத் திருத்தப் பிழை திருத்தப் பத்திரம் எழுத வேண்டும். நாகர்கோவிலிலிருந்து கிழவியையும் கூட்டிக்கொண்டு மறுபடி வர வேண்டும்.

ஆதாரம் எழுதியவர் அன்றே திருத்திக் கொடுத்தார். காய்கறிக் கடைக்காரர் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார்.

மறுநாள் நால்வரும் சார்பதிவாளர் அலுவலகம் போனார்கள். இரண்டு சாட்சிகள் வந்தார்கள். நான்கு பேருக்கும் அவரவர் பங்கு பாங்கு வழியாக வந்தது. அதை உறுதி செய்துகொண்டு மூவர் கையெழுத்திட்டார்கள். மாமியார் கைநாட்டு வைத்தார். அதற்கு முன், “இன்னொரு தடவ வாசிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டார்.

அக்காவுக்குத் தரகுப் பணம் மிச்சம். ஆனால் அதற்காக அவர் பல மாதம் அலைந்தார். அந்த அலைச்சலை ஒரு தரகரிடம் கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். படித்துப் பார்க்கும் வேலையை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

நினைவில் வைப்போம்

• வெறுந்தாளில் கையெழுத்து வேண்டாம்.
• எல்லா வாரிசும் சம்மதித்த பிறகே விற்பனைப் பேச்சு.
• விலையை மூன்று இடத்தில் விசாரிக்கவும்.
• தரகை முன்கூட்டியே எழுதி வாங்கவும்.
• பணம் பாங்கு வழியாக மட்டும்.
• தெரியாத மொழியில் உள்ள பத்திரத்தை நம்பிக்கையான ஒருவர் படிக்கக் கேட்கவும். எண்களை நீங்களே ஒப்பிடவும்.
• விற்ற லாபத்துக்கு வருமான வரி வரலாம். விற்கும் முன்பே விவரம் தெரிந்தவரிடம் கேட்கவும்.

கணக்குப் போடுவோம்

1. ஒரு வீடு 15 லட்சத்துக்கு விற்கிறது. தரகு நூற்றுக்கு 2. தரகு எவ்வளவு?
2. 27 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை 4 பேர் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு?

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டு ஆதாரம் யார் பெயரில் இருக்கிறது? நில வரி ரசீதில் உள்ள அளவும் ஆதாரத்தில் உள்ள அளவும் ஒன்றுதானா? எடுத்துப் பாருங்கள்.
2. பூக்கார அக்கா மாமியாரின் சம்மதத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தது சரியா? ஏன்?
3. உங்களுக்குத் தெரிந்த யாராவது வீடு விற்றிருக்கிறார்களா? தரகர் இருந்தாரா? அவர்கள் பட்ட அனுபவத்தை வகுப்பில் சொல்லுங்கள்.